ஆளுக்கு ஐம்பது

கணக்கம்மாவுக்குக் கம்ப்யூட்டர் வாத்தியாரைக் கண்டாலே ஆகாது. அவருக்கும் அப்படியே. யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டால் பள்ளிக்கூடமே இரண்டு கட்சியாகப் பிரிந்து சாட்சி சொல்லும். நமக்கு எதற்கு அந்த வம்பு? நடந்ததைச் சொல்கிறேன்.

கணக்கம்மா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். மேல்வகுப்புகளுக்கு வணிகவியல் எடுக்கிறவள். தட்டச்சு சொல்லிக்கொடுத்துப் பிழைப்பைத் தொடங்கி, இரவல் புத்தகத்தில் படித்துப் பட்டம் வாங்கி, முட்டி மோதி இந்தப் பள்ளிக்கு வந்தாள். யார் தயவும் இல்லாமல் வந்தவளாதலால் யாருக்கும் தயவு காட்டவும் மாட்டாள். லாப நஷ்டப் பாடத்தின் முதல் நாளில் எல்லா வருடமும் ஒரே வாக்கியம்தான் சொல்வாள்: செலவைப் பார்க்கும்போது முகத்தைப் பார்க்காதே. கணவர் முதுகுவலியால் வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

போன வருடம் மேலிடத்தில் யாருக்கோ ஞானம் பிறந்தது. வணிகவியலும் கணினியும் இனி தனித்தனி இல்லையாம். 'வணிகமும் தொழில்நுட்பமும்' என்று ஒரே பாடமாம். ஒரே அறை, ஒரே பீரியட், இரண்டு ஆசிரியர். தலைமையாசிரியர் இருவரையும் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல் விஷயத்தை உடைத்தார். அடுத்த வருடம் ஒரு பணியிடம்தான் இருக்கும். அது யாருக்கு என்பதை வகுப்பு நடக்கிற லட்சணத்தைப் பார்த்து முடிவு செய்வாராம். நடுவில் ஒரு எலும்பைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிற புத்தி. வேறென்ன சொல்ல?

அன்றைக்கே சண்டை மும்முரமானது. கரும்பலகையின் நடுவில் வாத்தியார் நீல டேப் ஒட்டினார். இவள் சமையலறை அலாரத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அது அலறினால் அவர் பேச்சு பாதியில் நின்றாக வேண்டும். கணினிகள் சூடாகின்றன என்று அவர் மின்விசிறியைப் போடுவார். தாளெல்லாம் பறக்கிறது என்று இவள் அணைப்பாள். பிள்ளைகள் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளை விட்டால் இருவரும் மாற்றி மாற்றித் தலைமையாசிரியர் அறைக்குக் கோள் சுமந்தார்கள்.

மதிப்பெண்ணிலும் பாகப்பிரிவினைதான். செய்முறைத் திட்டத்துக்கு மொத்தம் நூறு. வணிகப் பாதிக்கு இவள் ஐம்பது, தொழில்நுட்பப் பாதிக்கு அவர் ஐம்பது. ஒருவர் பாதியை மற்றவர் தொடுவதில்லை. தொட்டால் தீட்டு என்பதுபோல் இருந்தார்கள்.

அந்த வருடத் திட்டம் இதுதான்: ஓர் இடத்தில் வீணாகும் செலவைக் கண்டுபிடித்து, தொழில்நுட்பத்தால் சரிசெய்யுங்கள். எதற்கும் எதிர்க்கேள்வி போடுவதால் 'வக்கீல்' என்று பெயரெடுத்த ஒரு பெண் தன் குழுவோடு வந்து, எங்கள் வகுப்பையே அந்த இடமாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். தாராளமாக என்றாள் கணக்கம்மா.

வக்கீல் கொண்டுவந்த வணிகப் பாதியைப் படித்ததும் கணக்கம்மாவுக்கு வாயெல்லாம் பல். கணினி திறக்கும்வரை காத்திருக்கும் நேரம், மின்சாரம், வாத்தியார் சொல்லித்தருவதெல்லாம் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருப்பது, எல்லாம் புட்டுப் புட்டு வைக்கப்பட்டிருந்தது. முடிவு: கணினிக்கென்று ஓர் ஆசிரியர் வீண் செலவு. அவள் அங்கேயே ஐம்பதுக்கு ஐம்பது போட்டுக் கையெழுத்தும் போட்டாள். இத்தனை வருடத்தில் அவள் யாருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை.

"ரெண்டு பாதியையும் சேர்த்து ஒரு தடவை பாத்துடுங்க டீச்சர்," என்றாள் வக்கீல்.

"அந்தப் பாதி அவர் பாடு. எனக்கெதுக்கு?"

பெண் தலையாட்டிவிட்டுப் போனாள். பாவி மகள், சொல்லத்தான் செய்தாள், இவள் கேட்டால்தானே!

செய்முறைத் திட்டங்களின் கண்காட்சி நாளன்று தலைமையாசிரியரும் நிர்வாகத்தாரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். வக்கீல் முதல் பாதியைத் திரையில் காட்டியபோது கணக்கம்மா ஓரக்கண்ணால் வாத்தியாரைப் பார்த்தாள். ஆள் வெளிறிப்போயிருந்தார். அந்த நிமிடம் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம், பொய் சொல்வானேன்?

அடுத்த பாதி வந்தது. பிள்ளைகளே எழுதிய ஒரு புரோகிராம். பேரேடு போடச் சொல்லித்தருகிறது; தப்பு செய்தால் எந்த வரியில் தப்பு என்று காட்டுகிறது; எத்தனை முறை கேட்டாலும் எரிந்துவிழாமல் மறுபடி சொல்கிறது. முடிவு: வணிகவியலுக்கென்று ஓர் ஆசிரியர் தேவையில்லை. கீழே வாத்தியாரின் கையெழுத்து, ஐம்பதுக்கு ஐம்பது.

"சார் வேண்டாம்னு டீச்சர் ஒத்துக்கிட்டாங்க. டீச்சர் வேண்டாம்னு சார் ஒத்துக்கிட்டாரு," என்றாள் வக்கீல். "அதனால எங்க வகுப்புக்கு ரெண்டு பேருமே வேண்டாம்."

முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த நிர்வாகியிடம் குனிந்து ஏதோ சொன்னார். நிர்வாகி தலையை ஆட்டினார். சாயங்காலமே இருவரையும் கூப்பிட்டார்கள். அடுத்த வருடம் அந்த அறைக்கு ஒரு மேற்பார்வையாளர் போதுமாம். இருவருடைய ஒத்துழைப்புக்கும் நன்றியாம். இந்தத் தடவை உட்காரச் சொன்னார்கள்.

வெளியே வராந்தாவில் வக்கீல் சுருட்டிய படங்களோடு நின்றிருந்தாள். கணக்கம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வயிற்றில் அடிக்க உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை.

"செலவைப் பாக்கும்போது முகத்தைப் பாக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க, டீச்சர்?"

பின்னாலேயே வந்த வாத்தியார், எல்லாம் உங்களால்தான் மேடம் என்றார். உங்கள் கை மட்டும் என்ன பூப்பறித்துக்கொண்டிருந்ததா சார் என்று இவள் திருப்பிக் கேட்டாள். எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டுமென்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட இருவர், மூக்கில்லாமலும் வாசல்வரை சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.

வீட்டில் கணவர் வழக்கம்போல் சாய்வு நாற்காலியில் இருந்தார். அன்றாடம் சிரித்துக்கொண்டே கேட்கிற கேள்வியை அன்றும் கேட்டார்: "இன்னிக்கு யாரு ஜெயிச்சது? நீயா, அவரா?"

அவள் அலாரத்தைப் பையிலிருந்து எடுத்து அடுப்பு மேடையில் பழைய இடத்தில் வைத்தாள்.

"பிள்ளைங்க," என்றாள். "நூத்துக்கு நூறு. அதுல பாதி நான் போட்டதுங்க."