எல்லா நோயாளிக்கும் ஒரே பெயர்

தம்புள்ளை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் நகத்தைச் சதை தெரியும்வரை கடித்திருந்தார். என் மடியிலிருந்த ஜாவா புரோகிராமிங் புத்தகத்தைப் பார்த்து, "படிப்பிக்கிறீங்களா சேர்?" என்றார். ஆம் என்றேன்.

"ஸ்டாட்டிக்கை, அதான் தகவலைப் போட்டு வைக்கிற அந்தப் பொதுப் பெட்டியை, நல்லாச் சொல்லிக்குடுங்க. பிஎச்பி மொழியில ஒவ்வொரு தடவை பக்கத்தைத் திறக்கிறப்பவும் அது புதுசாத் தொடங்கும். ஜாவாவுல சர்வர் ஓடுற வரைக்கும் எல்லாருக்கும் ஒண்ணுதான். அது தெரியாம ஒரு கிளினிக் புரோகிராமை ஜாவாவுக்கு மாத்தினேன். நோயாளி பேரை ஸ்டாட்டிக்கில வச்சிட்டேன். ரெண்டு டொக்டர் ஒரே நேரத்துல திறந்தாங்க. ஒருத்தரோட நோயாளி பேர் மத்தவரோட திரையிலயும் வந்துட்டுது. ஒரு அம்மாவுக்கு வேற ஆளோட ஊசியைப் போட்டுட்டாங்க."

"அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"செத்துட்டாங்க, சேர்."

இப்போது ஸ்டாட்டிக் பாடத்தை அவரிலிருந்தே தொடங்குகிறேன். "அவரை உள்ளே போட்டாங்களா?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. பலாபத்வலயில் இறங்கியவர், பஸ் புறப்பட்ட பிறகும் எந்தப் பக்கமும் போகாமல் ரோட்டோரத்திலேயே நின்றார்.