மூக்கரும் பொது மெஷினும்

அந்தத் தெருவின் தையல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தையல் மெஷின் வாங்கி வைத்திருந்தார்கள். யாருடைய மெஷின் பழுதானாலும், அது சரியாகும்வரை பொது மெஷினில் தைத்துக்கொள்ளலாம். ஆர்டர் குவிந்த நேரத்தில் எவராவது பழுதென்று பொய் சொல்லி அதைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம் ஒருவருக்கு மட்டும் இருந்தது. அவர் நேரில் போய் மோட்டாரை முகர்ந்து பார்த்து, கருகல் வாடை வந்தால்தான் தலையாட்டுவார். அதனால் அவர் பெயரே மூக்கர் என்றாகிவிட்டது.

ஒருநாள் மூக்கரின் மோட்டாரே புகைந்து நின்றது. மறுநாள் காலை கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் பாதி தைத்தபடி கிடந்தன. சேதி கேட்டதும் எதிர்க்கடைத் தையல்காரி சக்கரம் வைத்த பொது மெஷினை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மூக்கர் வாசலை மறித்து நின்றார்.

"முதல்ல மோட்டாரைப் பாரும்மா."

"நீங்க சொன்னா போதாதாண்ணே?"

"நான் சொன்னதே போதும்னு விட்டா, நாளைக்கு எல்லாரும் வாயாலயே சொல்லிட்டுப் போவாங்க!"

"அப்போ நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க."

"என் மூக்கு எனக்குச் சாதகமாத்தானே மோக்கும்!"

அவள் தலையில் அடித்துக்கொண்டு குனிந்து முகர்ந்தாள். "ஐயோ, நல்லாவே கருகியிருக்குண்ணே. உக்காந்து தைங்க."

சீருடைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மூக்கருக்குத்தான் மனது ஆறவில்லை. ஒரே ஒரு தடவை முகர்ந்துவிட்டு நம்பிவிட்டாளே, இவளை நம்பி எப்படி ஒரு மெஷினைப் பொதுவில் வைப்பது?