சொல்லாமல் விட்ட நான்கு அடி

சிங்களத்தில் 'ஒவ்' என்றால் 'ஆமாம்'. மலைநாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் போன செவ்வாய்க்கிழமை டிக்கோயா ஆஸ்பத்திரியில் அதைச் சொல்ல எனக்கு லேசில் வாய் வரவில்லை.

ஏன்? சொல்கிறேன். சொல்லித்தான் ஆக வேண்டும். இதில் உங்களுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது... கைதட்டியவர்கள் நீங்கள்தானே!

இரண்டு மாதத்துக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பற்றி எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. என் பள்ளிக்கூடமும் அதுவும் ஒரே கட்டடம். நடுவில் இடுப்புயரச் சுவர். இந்தப் பக்கம் நான் 'அ, ஆ' சொல்லிக்கொடுத்தால் அந்தப் பக்கம் இருபது தொட்டிலும் சேர்ந்து கத்தும்.

அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் பாக்கியம். முப்பது வயதிருக்கும். வாய் ஓயவே ஓயாது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் வாயைத் திறக்க மாட்டாள். ஒரு குழந்தை காம்பராவில் முதன்முதலாக எழுந்து நடந்தால் பெற்றவளிடம் மூச்சு விட மாட்டாள்.

"அவளுங்க விடியிறதுக்கு முன்ன பெரட்டுக்குப் பேரு குடுக்கப் போயி பொழுது சாய வர்றாளுங்க. புள்ள குப்புற விழுந்தது, ஒக்காந்தது, நின்னது எல்லாத்தையும் நாந்தானே பாக்கிறேன்? நடக்கிறதையாச்சும் பெத்தவ மொதல்ல பாக்கட்டும் டீச்சரம்மா. ஞாயித்துக்கெழம லயத்து வீட்டுல நடக்கும். 'எம் புள்ள நடந்துருச்சு'ன்னு ஓடி வருவா. நானும் 'அடியாத்தி, நெசமாவா!'ன்னு வாயப் பொளப்பேன்."

இதைத்தான் உருகி உருகி எழுதினேன். எத்தனை கடிதங்கள்! படிக்கும்போது அழுதேன் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பத்தி அச்சாகி வந்த அதே வாரம் முத்தாயியின் மகள் நடந்தாள்.

முத்தாயி எங்கள் தோட்டத்துக் கொழுந்துக்காரி. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. பெயர் ராணி, வயது ஒன்றேகால். ஒரு புதன்கிழமை தொட்டில் சேலையைப் பிடித்து எழுந்து நின்றாள். பிறகு அதை விட்டாள். நான்கு அடி வைத்து வந்து என் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் பாக்கியமும் பார்த்தோம். பாக்கியம் உதட்டில் விரலை வைத்தாள். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தார்கள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. அந்த ஞாயிறு அவள் கம்பளிக்குள் கிடந்தாள். அடுத்த ஞாயிறும் நடக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்...

முத்தாயிக்குக் கவலையே இல்லை. ஏன் இருக்கப் போகிறது? நடந்த பிள்ளை நடக்காமல் போனால்தானே தாய் பதறுவாள்? இவள் கணக்கில் பிள்ளை இன்னும் நடக்க ஆரம்பிக்கவே இல்லை! "நானே ரெண்டு வயசுலதாங்க நடந்தேனாம்" என்று சிரித்துவிட்டுக் கூடையோடு போனாள்.

பிள்ளை வளர்கிறது, பிள்ளை வளர்கிறது என்கிறோம். நேற்றுச் செய்ததை இன்று செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, நேற்றும் பார்த்த கண் ஒன்று வேண்டாமா? அந்தத் தாய்க்கு வாரத்தில் ஒரு நாள்தான் பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் முகம் தெரிகிறது. பார்த்த கண்கள் எங்கள் இருவருடையவை.

பாக்கியம் "காச்ச அடிச்ச ஒடம்பு, தேறட்டும்" என்றாள். நானும் "தேறட்டும்" என்றேன். இப்போது சொன்னால் அன்று மறைத்தது தெரிந்துவிடுமே... அந்தக் கூச்சத்திலேயே ஆறேழு வாரம் ஓடிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ராணி வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னை எந்த வார்த்தையால் திட்டிக்கொள்வது?

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது முத்தாயியே பார்த்துவிட்டாள். "டீச்சரம்மா, ஒரு காலு சூம்புனாப்புல இருக்குங்க" என்று ஓடி வந்தாள். அவளுக்குக் கடைத்தெருச் சிங்களம்தான் தெரியும். டாக்டரிடம் பேசுவதற்காக நானும் கூடப் போனேன். தலவாக்கலைக்கு ஒரு பஸ், ஹட்டனுக்கு இன்னொன்று, அங்கிருந்து டிக்கோயாவுக்கு நடை. வழி முழுக்க ராணி என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் நல்ல மனிதர். குழந்தையின் காலைத் தூக்கி விட்டுப் பார்த்தார். ஈரத்துணி மாதிரி விழுந்தது. "இதற்கு முன் நடந்திருக்கிறதா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"இல்லீங்க. இன்னும் ஒரு அடிகூட வைக்கல" என்றாள் முத்தாயி.

இதை நான் அப்படியே சிங்களத்தில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. டாக்டர் பேனாவைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

"ஒவ்" என்றேன்.

முத்தாயி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நான் இல்லைன்னுதானே சொன்னேன்? நீங்க என்னாங்க 'ஒவ்'வுங்கிறீங்க?"

சொன்னேன். புதன்கிழமை, தொட்டில் சேலை, சுவர், உதட்டில் வைத்த விரல்... முதலில் டாக்டருக்குச் சிங்களத்தில். பிறகு அவளுக்குத் தமிழில். இரண்டு மொழியிலும் அது கேவலமாகத்தான் இருந்தது.

இளம்பிள்ளை வாதம். நோய் வந்ததற்கு யாரும் பொறுப்பில்லை என்றார் டாக்டர். ஆனால் நடை நின்ற உடனே கொண்டுவந்திருந்தால், மரச்சட்டம் வைத்துக் கட்டிக் கால் கோணாமலாவது காப்பாற்றியிருக்கலாமாம். இனிமேல்? கையை விரித்தார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

முத்தாயி என்னை அடித்திருக்கலாம். பாக்கியத்தை மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மகளின் பாதத்தை உள்ளங்கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எத்தன அடிங்க வச்சிச்சு?"

நான் பார்த்தது நான்கு.

"பத்து" என்றேன்.

"விழாமலா?"

"விழாமத்தான்."

"அடியாத்தி... பத்தா!" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

பார்த்தீர்களா? பட்டும் புத்தி வரவில்லை எனக்கு.