சீனி இல்லாத வீடு

சமுத்திரம் எதையும் நாலு பேரிடம் கேட்காமல் செய்யமாட்டான். ஒரு செருப்பு வாங்குவதற்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதிப்பேரின் அபிப்பிராயம் அவனுக்கு வேண்டும். பால்கோவா கிண்டுகிற வேலை. கை கிண்டிக்கொண்டிருக்கும், வாய் யாரிடமாவது யோசனை கேட்டுக்கொண்டிருக்கும்.

ஏழாம் வகுப்புப் படிக்கிற மகள் யோகேஸ்வரிக்குச் சர்க்கரை நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது ஆடிப்போனான். சிறுபிள்ளைகளுக்கு வருகிற வகை, தினமும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும் என்றார் டாக்டர். வழக்கம்போல் சமுத்திரம் யோசனை கேட்கக் கிளம்பினான். டீக்கடையில் கேட்டான். ராஜபாளையம் மில்லில் இருக்கிற மச்சினனுக்குப் போன் போட்டான். பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது என்றார் ஒருவர். விஷயம் வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவான் என்றான் மச்சினன். நோய் வந்தவளை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் நின்றது. வீட்டிலிருந்த சீனி, வெல்லம் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்துக்கு அள்ளிக் கொடுத்தான். வேலை முடிந்து வந்தால் குளிக்காமல் மகள் பக்கம் போகமாட்டான். இனிப்பு வாசனையே ஆகாது என்பது அவனாகக் கண்டுபிடித்த வைத்தியம். கோமாளித்தனம்தான், ஆனால் அவ்வளவும் பாசம்.

"அப்பா, வீட்ல கொஞ்சம் சீனி வச்சிருக்கணும். ஊசி போட்டு சாப்பாடு லேட்டாச்சுன்னா சுகர் ரொம்ப எறங்கிருமாம். நர்ஸம்மா எங்கிட்ட சொன்னாவ" என்றாள் யோகேஸ்வரி.

"திங்க ஆசப்பட்டுச் சொல்லுத. எனக்குத் தெரியாதாட்டி?"

ஒரு காலையில் அவன் மனைவி பாண்டிசெல்வி மகளுக்கு ஊசியைப் போட்டுவிட்டு, தறி வேலைக்குப் போய்விட்டாள். யோகேஸ்வரி இட்லித் தட்டைத் தள்ளிவைத்தாள். பள்ளிக்கூடம் அனுப்பினால்தான் சாப்பிடுவேன் என்றாள். சொல் எடுபடாத பிள்ளைக்கு வேறு என்ன வழி இருக்கிறது? சமுத்திரம் கெஞ்சினான், அதட்டினான். அதற்குள் அவளுக்குக் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

"சீனி... தண்ணியில கரைச்சுத் தாங்கப்பா."

ஊருக்கே இனிப்புக் கிண்டுகிறவன் வீட்டில் ஒரு பொட்டுச் சீனி கிடையாது. பக்கத்து வீட்டுக் கிருபாபாயிடம் ஓடினான். அவள் டம்ளரில் சீனியைக் கொட்டிக் கலக்கிக்கொண்டே கூடவே ஓடிவந்தாள். குடித்துக் கொஞ்ச நேரத்தில் யோகேஸ்வரிக்கு நடுக்கம் நின்றது. தானாகவே தட்டை இழுத்து இட்லியைச் சாப்பிட்டாள். சமுத்திரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். பயத்தில் பாதி, வெட்கத்தில் பாதி.

"நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றான். "இப்ப சொல்லு. பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்யலாம்?"

அவள் எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். "மத்தியான ஊசிய நானே போட்டுக்கிடுதேன், நர்ஸம்மா சொல்லித்தாறேன்னாவ. பைல சீனி வச்சுக்கிடுதேன். டீச்சருக்கும் கிளாஸ் பிள்ளைகளுக்கும் விஷயத்தச் சொல்லணும்."

"எல்லாருக்கும் தெரிஞ்சிருமேம்மா."

"தெரியட்டும். எனக்கு மயக்கம் வந்தா பக்கத்துல இருக்கப்போறது அவளுகதான?"

சமுத்திரம் அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரும் அவள் சொன்னதுதான் சரி என்றார், நர்ஸ் ஊசி போடப் பழக்கிவிட்டார். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் முதலில் சொல்லிவிட்டு, வகுப்பு வாசல்வரை போனார்கள். சமுத்திரம் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தான்.

"நீங்க வெளிய நில்லுங்கப்பா. எனக்கு வந்தத நாந்தான் சொல்லணும்."

வராந்தாவில் நின்றான். உள்ளே அவள் குரல் முதலில் தடுமாறியது, பிறகு சீராகிவிட்டது. பிள்ளைகள் ஏதேதோ கேட்டார்கள். ஒருத்தி, "ஊசி வலிக்குமா?" என்றாள்.

"வலிக்கும்" என்றாள் யோகேஸ்வரி. "சொன்னா வீட்ல அழுவாவன்னு சொல்லல."

சமுத்திரம் அதை ஒருநாளும் கேட்டதில்லை. அன்று வேலைக்குப் போகாமல், மணி அடிக்கிறவரை பள்ளிக்கூட வாசலிலேயே காத்திருந்தான், கேட்பதற்காக.