கரைய மறுத்த படிகாரம்

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகிச் சேரன்மகாதேவிக்கு வந்த முதல் ஐப்பசி அது. அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். சனிக்கிழமை அறிவியல் கண்காட்சி. படிகாரக் கல் வளர்த்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். "கல்லு வளர்ந்தா மேசை தாரேன், இல்லேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்" என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

வெந்நீரில் படிகாரத்தை இனிமேல் கரையாது என்கிற மட்டும் கரைத்து ஆறவிட்டு, ஊறுகாய்ப் பாட்டிலில் ஒரு சின்னத் துண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அது மெல்ல வளர்ந்து நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. என் கல்யாணப் புடவையைக்கூட நான் அத்தனை தடவை எடுத்துப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை பள்ளிவிட்டு வந்தால் பாட்டிலில் கல்லைக் காணோம்.

ஆற்றில் வெள்ளம் வந்தால் குழாயிலும் கலங்கல்தான் வரும். பானைக்குள் படிகாரத்தைச் சுற்றிவிட்டால் மண் அடியில் தங்கிவிடும். அங்கே எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். என் மாமியார் என் கல்லை எடுத்து எல்லாப் பானையிலும் சுற்றி, மிச்சத்தைக் கடைசிப் பானைக்குள்ளேயே போட்டுவிட்டார். "நல்ல படிகாரம்மா, தண்ணி பளிச்சுன்னு தெளிஞ்சிட்டு" என்று செம்பில் மோந்து வேறு நீட்டினார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். "பானையில போடவா அத்தை அதைப் பாத்துப் பாத்து வளத்தேன்?" என்று கத்திவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் வந்தபோது, அத்தை அதே பாட்டிலை அகப்பைக் காம்பால் கிண்டிக்கொண்டிருந்தார். கடையில் படிகாரம் வாங்கி இடித்துப் போட்டிருக்கிறார். கரைத்துவிட்டால் கல் மறுபடியும் கட்டிவிடும் என்று நினைப்பு.

"மத்தியானத்துல இருந்து கிண்டுதேன், ஒரு பொட்டு கரைய மாட்டேங்கு. உன் தண்ணியையும் கெடுத்துட்டேனோ என்னவோ."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "கெடல அத்தை. அது கொள்ளுற மட்டும் முன்னாலேயே கொண்டாச்சு. இனி மூட்டையோட கொட்டினாலும் கரையாது." நிறைவுற்ற கரைசல் என்று வகுப்பில் தொண்டை வற்றக் கத்தியும் ஏறாத பாடம், என் வீட்டு அடுப்படியில் தயாராக இருந்தது.

சனிக்கிழமை அந்தப் பாட்டிலில் தெளிந்ததை மட்டும் ஒரு கிளாஸில் ஊற்றினேன். இன்னொரு கிளாஸில் வெறும் தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு சிட்டிகை படிகாரத்தூள் போடும்படி தலைமையாசிரியையிடம் சொன்னேன். கலக்கிப் பார்த்தார், ஒன்றில் கரைந்தது, மற்றதில் அப்படியே கிடந்தது. "சரி, மேசையைப் போடுங்க" என்றார்.

அத்தையும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கலக்கிக் கலக்கிப் பார்த்த பிள்ளைகளிடம், "கரையாதுளா, நான் கை ஓயக் கிண்டிப் பாத்தாச்சு" என்றார்.

ஒருத்தி என்னிடம், "டீச்சர், இவங்க உங்க அம்மாவா?" என்று கேட்டாள்.

மாமியார் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்: "பின்ன? மூஞ்சியப் பாத்தா தெரியலையாக்கும்?"