அரக்கு வைத்த பை

கேப்டன் சார், என் மச்சினன் பயந்துபோய்த்தான் விழுந்தான் என்று நீங்கள் சொன்னது பொய். பொய் என்று தெரிந்தே சொன்னீர்கள்.

எண்பதுகளின் நடுவில் மன்னவனூர்ப் புல்வெளியில் நாம் ஒரு பறக்கும் கிளப் தொடங்கினோம். கிளப் என்றால் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரே ஒரு குட்டி விமானம். அலுமினியக் குழாய், துணி இறக்கை, சின்ன எஞ்சின், இரண்டு இருக்கை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த நீங்கள் தலைவர். கொடைக்கானலில் ஜீப் பழுது பார்த்துக்கொண்டிருந்த நான் மெக்கானிக். பள்ளிக்கூட பஸ் ஓட்டிய என் மனைவியின் தம்பி, உங்களைத் தவிர அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள்.

பாராசூட் வேண்டுமா வேண்டாமா என்று கொட்டகையில் சண்டை நடந்தது. நான் வேண்டும் என்றேன். சமவெளியில் எஞ்சின் நின்றால் ஏதாவது வயலில் இறக்கிவிடலாம். இங்கே கீழே சோலைக்காடு, இல்லாவிட்டால் பாறை. இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு பை இருக்கும். ஆபத்து வந்தால் கயிற்றை இழுத்துப் பையை வெளியே வீச வேண்டும். குடை விரிந்து ஆளையும் விமானத்தையும் சேர்த்தே இறக்கும்.

"எடைய யோசிச்சுப் பாருய்யா. இந்த ஒசரத்துல காத்தே கம்மி. ரெண்டு பேர் ஏறுனாலே எஞ்சின் முக்குது. குடை இருக்குங்கிற தைரியத்துல ஓட்டுறவனும் அசட்டையாப் பறப்பான்" என்றீர்கள்.

மச்சினன் விடவில்லை. "சார், நான் சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தவன். கப்பல்ல ஏத்தி இங்க எறக்கி விட்டப்பவே ஒருதரம் விழுந்து எந்திரிச்சாச்சு. ரெண்டாந்தரம் விழணும்னா குடை வேணுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது நீங்களும் தூக்கினீர்கள்.

வந்த பாராசூட்டை வாராவாரம் பிரித்து உலர்த்தினோம். ஈரம் ஏறினால் மடிப்புகள் ஒட்டிக்கொண்டு விரியாது. கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்துக் குழந்தைத் துணி காயவைக்கிற ஊர் இது. என் மனைவி அதைச் சமையலறை உத்தரத்தில் தொங்கவிட்டுத் தீப்பொறி படாமல் காவல் இருந்தாள். "உங்க வானத்துச் சோலிக்கு என் அடுப்பங்கரைதான் கெடச்சுதாக்கும்" என்று திட்டிக்கொண்டே செய்தாள். அவள் தம்பி உயிராயிற்றே.

ஏப்ரலில் ஒருநாள் நீங்கள் பையின் வாயில் அரக்கு முத்திரை வைத்துக் கொண்டுவந்தீர்கள். "நானே மடிச்சு சீல் வச்சுட்டேன். இனி ஈரம் புகாது. சீசன் முடியிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது." எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. நீங்களே அதை இருக்கையில் கட்டினீர்கள். நான் தூக்கிப் பார்க்கவில்லை. தூக்கியிருந்தால் கைக்குத் தெரிந்திருக்கும்.

அந்த மே மாதம் விமானம் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு லேசாக எழும்பியது. உங்கள் விருந்தாளிகள் ஒவ்வொருவராகப் பறந்தார்கள். கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தவன் நான். என் கைவேலைதான் என்று மார்தட்டிக்கொண்டேன். நீங்கள் என் முதுகில் தட்டி "சபாஷ்" என்றீர்கள். இன்றுவரை வயிறு எரிவது அந்தத் தட்டலுக்குத்தான்.

சீசன் முடிய ஒரு வாரம் இருந்தது. மச்சினன் தனியாகப் பறந்தபோது இறக்கையைத் தாங்கும் கம்பி அறுந்தது. நல்ல உயரம். அவன் எதையோ வெளியே வீசியதைத் தரையிலிருந்து பார்த்தேன். குடை விரியவில்லை. விமானம் சுழன்று சீகை மரங்களுக்குள் விழுந்தது. கிளைகள் தாங்கியதால் உயிர் மிஞ்சியது. வலது கால் மிஞ்சவில்லை.

மறுநாள் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள்: "பதறிட்டான். கயித்த இழுக்காமலே பையத் தூக்கிப் போட்டுட்டான்." கம்பியைப் பற்றிக் கேட்டார்கள். அது தேய்ந்திருந்ததை நான் பார்க்கத் தவறிவிட்டேன் என்று அதே கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, கேரட் தோட்டத்தில் களையெடுக்கும் ஒரு அம்மா அந்தப் பையைக் கொண்டுவந்தார். "வானத்துலருந்து ஆட்டுமுடியாக் கொட்டுச்சுங்க. மேல எங்கயும் ஆட்டுப்பண்ணை வச்சிருக்கீகளா?" என்று சிரித்தார்.

கயிறு இழுக்கப்பட்டிருந்தது. அரக்கு உடைந்திருந்தது. உள்ளே மூலையில் மிச்சம் கிடந்ததும் ஆட்டுமுடிதான். என் மனைவி அதை விரலில் எடுத்துப் பார்த்தாள்.

பையோடு உங்கள் வீட்டு வராந்தாவுக்கு வந்தேன். "இந்த ஒரு சீசனுக்குத்தான்யா, எடைக்காக. மெதுவாப் பேசு, உள்ள கெஸ்ட் இருக்காங்க" என்றீர்கள்.

எடை பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. பாராசூட்டை எடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பறப்பதா வேண்டாமா என்று அவன் முடிவு செய்திருப்பான். இப்போது அவனால் பஸ் ஓட்ட முடியாது. அதே பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து கேட்டைத் திறந்துவிடுகிறான். "என்னப்பா, இன்னைக்காவது கயித்த இழுத்தியா?" என்று பழைய டிரைவர்கள் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

என் தப்பைக் கொட்டகையில் சொன்னேன். உங்கள் தப்பை வராந்தாவில், மெதுவாகச் சொன்னீர்கள். அது போதாது. அடுத்த கூட்டத்துக்கு அதே கொட்டகைக்கு வாருங்கள். மச்சினனை முன்வரிசையில் உட்காரவைக்கிறேன். அந்த டிரைவர்களையும் கூட்டிவருகிறேன். அரக்கு வைப்பதற்கு முன் அந்தப் பைக்குள் என்ன வைத்தீர்கள்? கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சத்தமாகப் பதில் சொல்லுங்கள்.