குங்குமப் பொட்டு வெச்ச கார்டு

கிரிக்கெட் கார்டுக்கு மார்க்கு வாங்கித் தர்றது என் தொழில்னு சொன்னா, பொண்ணு குடுக்க வந்தவங்க கூட காபியைப் பாதியில வெச்சிட்டு எழுந்து போயிடுவாங்க. எனக்கு முன்னமே கல்யாணம் ஆயிட்டதால தப்பிச்சேன். திருப்பதியில ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துச் சந்துல ஸ்போர்ட்ஸ் சாமான் கடை வெச்சிருக்கேன். பேட், பந்து, ஷட்டில் காக்கு விக்கறதுதான் சோறு போடறது. ஓரமா இந்த வேலை. ஆட்டக்காரங்க படம் போட்ட கார்டுங்களை ஜனங்க கொண்டாந்து குடுப்பாங்க. நான் பத்திரமா பேக் பண்ணி கிரேடிங் கம்பெனிக்கு அனுப்புவேன். அவங்க மூலை மழுங்கியிருக்குதா, கீறல் விழுந்திருக்குதா, படம் சரியா நடுவுல நிக்குதான்னு பாத்து, ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு மார்க்கு போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில அடைச்சித் திருப்பி அனுப்புவாங்க. பத்து வந்தா கம்பெனிக்கு நல்ல பேரு. ஒம்போது வந்தா எனக்குத் திட்டு.

இதே தொழில்ல மாட்டிக்கினு முழிக்கற சக பாவிங்களே, உங்களுக்குத் தெரியாததா? நம்மகிட்ட எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான்: எந்தக் கம்பெனிய நம்பலாம்? நானும் ரொம்ப நாளா வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கினு இருந்தேன். நகரியிலேர்ந்து ஏகாம்பரம் அண்ணன் வந்த அப்பால அப்படிச் சொல்ல வாய் வரல.

சட்டைப் பையில வந்தது

அம்பதைத் தாண்டின ஆளு. பவர்லூம் தறி வெச்சிருக்காரு. கூடத்துலேர்ந்து நேரா கெளம்பி வந்திருப்பாரு போல, தலைமுடியில பஞ்சுத் தூசு ஒட்டிக்கினு இருந்துது. சட்டைப் பையிலேர்ந்து, மெல்லிசா பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கார்டை எடுத்து மேஜை மேல வெச்சாரு. பாத்ததும் எனக்குத் தெரிஞ்சி போச்சு. தினகர்னு ஒரு காலேஜ் பையன், சனிக்கிழமையானா கடைக்கு வந்து உக்காந்துக்கினு என்னோட வாதம் பண்ணுவான். யார்கிட்டயோ மாத்தி வாங்கின இந்தக் கார்டை அவன்தான் ஒரு நாள் கொண்டாந்து காட்டினான். நான் லென்ஸ் வெச்சிப் பாத்துட்டு, "படம் லேசா இடது பக்கம் தள்ளியிருக்குது. ஒம்போதுக்கு மேல வராது"ன்னேன். "பத்துண்ணா இது! மொதல்ல உங்க லென்ஸைத் தொடைங்க"ன்னு சிரிச்சான். அப்பால ஆளையே காணோம். வேலை கெடைச்சி பெங்களூருக்குப் போயிட்டான்னு நெனச்சிக்கினு இருந்தேன்.

"தினகர் அப்பாவா நீங்க? எப்டி இருக்கான் பையன்?"னு கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. அவரு எதுக்க மாட்டியிருந்த பேட்டுங்களையே பாத்துக்கினு, காய்ச்சல்னு படுத்தான், எழுந்திருக்கலன்னாரு. நான் லென்ஸை எடுத்துக் கார்டைப் பாக்க ஆரம்பிச்சேன். மூலையெல்லாம் புதுசு மாதிரி இருந்துது. ஆனா கீழ வெள்ளை ஓரத்துல, கடுகளவு ஒரு செவப்புப் பொட்டு.

"குங்குமம் சார் அது. தெவசத்தன்னிக்கு அவன் படத்தாண்ட அவன் சாமானெல்லாம் வெச்சிப் படைச்சோம். போனு, மூக்குக் கண்ணாடி, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன். ஆயுத பூஜைக்குத் தறிக்கு வெக்கறதில்லியா, அது மாதிரி. உறை மேல வெச்சா வெச்ச மாதிரி இருக்காதேன்னு இதை வெளிய எடுத்து வெச்சேன்"னாரு. இது மார்க்கைக் கொறைக்கும்ணான்னு மெதுவா சொன்னேன். துடைக்கக் கூடாதான்னு கேட்டாரு. துடைச்சா கறை இன்னும் பரவும், கார்டுல கை வெச்சிருக்காங்கன்னு மார்க்கே போட மாட்டாங்கன்னேன். தலையை ஆட்டினாரு. அவருக்கு அதை விக்கற எண்ணமெல்லாம் கெடையாது. வேண்டியது என்னன்னு அவரே சொன்னாரு.

"கடைசியா போன்ல இதைத்தான் சார் சொன்னான், 'நைனா, இது பத்து நைனா'ன்னு. தறி ஓடற சத்தத்துல, வேற வேலை இல்லியாடான்னு வெச்சிட்டேன். அவன் சொன்னது நெசமான்னு யாராவது ஒழுங்கா பாத்துச் சொல்லட்டும்."

லேமினேஷன் அண்ணன்

அன்னிக்கே, ஏகாம்பரம் அண்ணன் ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சிக்கினு இருக்கறப்போ, பங்காருபாளையத்துலேர்ந்து ஒரு மாங்கா மண்டிக்காரரு வந்தாரு. நல்ல ஆளு, சத்தமாப் பேசுவாரு. சாமி தரிசனத்துக்கு வந்த ஒரு பெரிய ஆட்டக்காரரை மலை மேல மடக்கி, அவரு படம் போட்ட கார்டுலயே கையெழுத்து வாங்கினாராம். என்னமோ ரிஜிஸ்ட்ரேஷன் பத்திரத்தைக் காட்டற மாதிரி பெருமையா எடுத்து நீட்டினாரு. கார்டு பளபளன்னு இருந்துது. ஏன் இருக்காது? லேமினேஷன் பண்ணியிருந்தாரு!

"தண்ணி பட்டா கையெழுத்து போயிடாதா? ரேஷன் கார்டு, பசங்க மார்க் ஷீட்டு, இது, எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணிட்டேன்"னாரு. சூடு வெச்சி ஒட்டினது, பிரிச்சா கையெழுத்தோட சேத்து உரிஞ்சி வந்துடும், இனிமே எந்தக் கம்பெனியும் இதுக்கு மார்க்கு போடாதுன்னு சொல்லி முடிச்சேன். அவரு மொகம் தொங்கிப் போச்சு. யாரோ செத்த சேதி கேட்ட மாதிரி "அய்யோ பாபம்"னு கார்டைத் தடவிக் குடுத்தாரு. ஸ்டூல்ல இருந்த ஏகாம்பரம் அண்ணன் டீயைக் குடிக்காம கையிலயே வெச்சிக்கினு இருந்தாரு. மண்டிக்காரரு வாசப்படி எறங்கறப்போ திரும்பி ஒண்ணு கேட்டாரு.

"ஏன் அண்ணா, நல்லா இருக்கட்டும்னு ஆசையா பண்றதுக்கெல்லாம் கூடவா மார்க்கைக் கழிப்பாங்க?"

எந்தக் கம்பெனி

அவரு போனதும் ஏகாம்பரம் அண்ணன் நேரா விஷயத்துக்கு வந்தாரு. "இதுல நம்பகமான கம்பெனி எது தம்பி?" சாரா இருந்தவன் அதுக்குள்ள தம்பி ஆயிட்டேன். இருக்கறதைச் சொன்னேன். வெளிநாட்டுல ஒரு கம்பெனி இருக்குது, கறாரானவங்க, ஆனா மாசக் கணக்குல ஆகும். இந்தப் பக்கம் புதுசா ஒருத்தன் ஆரம்பிச்சிருக்கான், சீக்கிரமா அனுப்பிடுவான், ஆனா அவன் கைக்கு ஒம்போதுக்குக் கீழ எழுதவே வராது. சரி, கறாரானவங்க மட்டும் எப்பவும் ஒரே மாதிரி போடறாங்களான்னா அதுவும் இல்ல. முனிரத்தினம்னு பேங்க்ல வேலை பாக்கற ஒருத்தரு அங்க எட்டு வாங்கின கார்டை, பெட்டியை ஒடைச்சி எடுத்து, மறுபடியும் அங்கயே அனுப்பினாரு. ஒம்போது வந்துது! எப்டி சார்னு கேட்டதுக்கு அவரு சொன்ன பதிலையும் ஏகாம்பரம் அண்ணன்கிட்ட சொன்னேன். அன்னிக்கு மொத மொதலா அந்த மனுஷன் லேசா சிரிச்சாரு.

அடுத்த மாசம் தினகர் பொறந்த நாளு. அதுக்குள்ள வருமான்னு கேட்டாரு. அப்ப புதுக் கம்பெனிதான்னு முடிவாச்சு. எனக்கும் உள்ளுக்குள்ள அதுதான் ஆசை. பாவம், அந்த மனுஷனுக்கு ஒரு பத்து கெடைச்சா யாருக்கு இன்னா நஷ்டம்? கார்டை சுத்தி பேக் பண்றப்போ கூட அவரு முனிரத்தினம் சொன்னதையே திரும்பச் சொல்லிப் பாத்துக்கினு இருந்தாரு.

"கார்டு அதேதான் சார். மொத தடவை பாத்தவனுக்கு அன்னிக்கு வீட்ல சண்டையா இருந்திருக்கும்."

பத்து வந்தது

பொறந்த நாளைக்கு முன்னாடியே வந்துடுச்சு. மேல தங்கக் கலர் ஸ்டிக்கர், அதுல பெருசா பத்து. போன் பண்ணினேன். மைசூர் பாக் வாங்கிக்கினு வந்துட்டாரு மனுஷன். பெட்டியைக் கையில வாங்கினதும் அந்தப் பத்தைக் கட்டை விரலால தடவினாரு. "சொன்னானே, சொன்னானே"ன்னு அழுதாரு. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. நல்ல வேலை பண்ணினோம்டான்னு மனசுக்குள்ள நானே என் முதுகைத் தட்டிக்கினேன்.

அப்பால துண்டால கண்ணைத் தொடைச்சிக்கினு, வாசல் வெளிச்சத்துல பெட்டியைப் பிடிச்சி நிதானமா பாத்தாரு. பாத்துக்கினே நின்னாரு. நான் மைசூர் பாக்கை வாயில போட்டுக்கினு, என்ன இவ்ளோ நேரம்னு கிட்டப் போனேன். கீழ வெள்ளை ஓரத்துல அவரு வெச்ச பொட்டு பளிச்சுனு தெரிஞ்சிது. கூட அனுப்பியிருந்த சீட்டுல, கறையே இல்லாத கார்டுன்னு வேற அடிச்சிருந்தான் படுபாவி. எனக்கு வாயில இருந்தது எறங்கல. ஏகாம்பரம் அண்ணன் கோபப்படல. பெட்டியை மேஜை மேல வெச்சிட்டு மெதுவா கேட்டாரு.

"நான் வெச்ச பொட்டையே பாக்காதவன், என் பையன் கார்டை எங்க தம்பி பாத்தான்?"

ஒடைச்சது

கறாரானவங்களுக்கே அனுப்புன்னுட்டாரு. கொறையும்ணான்னேன். கொறையட்டும், பாத்துட்டுக் கொறைக்கட்டும்னாரு. அனுப்பணும்னா மொதல்ல இந்தப் பெட்டியை ஒடைக்கணும். எனக்கு இந்த வேலையே ஆகாது. பிளாஸ்டிக்கு எந்தப் பக்கம் தெறிக்கும்னு சொல்ல முடியாது. கை கொஞ்சம் நழுவினா மூலை காலி. கட்டிங் பிளேயரை எடுத்தேன். ஏகாம்பரம் அண்ணன் எழுந்து போயி, தெருவைப் பாத்துக்கினு எனக்கு முதுகைக் காட்டி நின்னாரு. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நிக்கறவங்களை நீங்க பாத்திருப்பீங்க. பெட்டியோட மொத மூலை டக்குனு ஒடைஞ்ச சத்தத்துக்கு அவரு தோள் தூக்கிப் போட்டுது. திரும்பிப் பாக்காமலேயே சொன்னாரு.

"பாத்து தம்பி. வலிக்காம எடு."

நாலு மார்க்கு

மாசக் கணக்குல ஆச்சு. பொறந்த நாளும் போயி, அடுத்த தெவசமும் போயிடுச்சு. நடுநடுவுல போன் பண்ணுவாரு. கார்டு வந்துதான்னு கேக்க மாட்டாரு. கடை எப்டி ஓடுது, திருப்பதியில மழையா, பசங்க சௌக்கியமான்னு விசாரிப்பாரு. நானும் எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு, "இன்னும் வரலண்ணா"ன்னு கடைசியில சேத்துக்குவேன். "அதுக்கின்னா, மெதுவா வரட்டும்"னு வெச்சிடுவாரு.

வந்த அன்னிக்குப் பிரிச்சிப் பாத்தேன். மேல பெருசா ஆறு. போன்ல எப்டிச் சொல்றது? வந்துடுச்சுண்ணா, வாங்கன்னு மட்டும் சொன்னேன். மறுநாள் காலை ரயிலுக்கே வந்துட்டாரு. ஆறைப் பாத்தாரு. மொகம் மாறல. கீழ பொடி எழுத்துல இருந்ததைக் காட்டி இதெல்லாம் இன்னான்னு கேட்டாரு. அதாவது இந்தக் கம்பெனியில மொத்த மார்க்கு ஒண்ணு, அது எப்டி வந்துதுன்னு தனித்தனியா நாலு மார்க்கு. நாலுல எது ரொம்பக் கொறைச்சலோ அதை ஒட்டித்தான் மொத்தத்தைப் போடுவாங்க. நான் ஒவ்வொண்ணா படிச்சிக் காட்டினேன். படம் நடுவுல நிக்கறதுக்குப் பத்து. மூலைக்குப் பத்து. ஓரத்துக்குப் பத்து. மேல்பரப்புக்கு அஞ்சு, கறை இருக்குதுன்னு. படம் இடது பக்கம் தள்ளியிருக்குதுன்னு அந்தப் பையன்கிட்ட அடிச்சிச் சொன்னவன் நானு. அதுக்குத்தான் மொதப் பத்து. அவன் எதுக்க நின்னு சிரிக்கற மாதிரி இருந்துது எனக்கு. தலையைக் குனிஞ்சிக்கினேன்.

"அப்போ இந்த மூணும் என் பையன் பாத்துச் சொன்னது?"ன்னாரு. ஆமாண்ணான்னேன். மூணு பத்து மேலயும் ஒவ்வொரு தடவையா வெரலை வெச்சாரு. அப்பால அந்த அஞ்சு மேல வெச்சாரு, எடுக்கவே இல்ல. கடையில ரெண்டு பேரு பந்து கேட்டு வந்து நின்னுக்கினு இருந்தாங்க. நான் கவனிக்கல. பெட்டி சட்டைப் பையில நுழையல. ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சிப் பிடிச்சிக்கினு, வாசப்படியில நின்னு சொன்னாரு.

"அவன் சொன்னதெல்லாம் பத்துதான் தம்பி. நான் தொட்ட எடத்துலதான் கொறஞ்சி போச்சு."

எந்தக் கம்பெனிய நம்பலாம்னு இப்ப யாராவது கேட்டா, பத்து போடறவனை விடுங்க, நாம ஆசையா வெச்ச பொட்டையும் பாத்து மார்க்கைக் கொறைக்கறவனை நம்புங்கன்னு சொல்லிட்டு, என் லென்ஸை ஒரு தடவை நல்லாத் தொடைச்சிக்கறேன்.